தகப்பன் எண் இல்லாத காய்கள்

ஷிஹெங் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவன் மேசையில் கொய்யாப்பழம் சேர ஆரம்பித்துவிட்டது. பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் வீட்டில் பறித்து, நறுக்கி, மேலே பிளம் பொடி தூவி, அவனுக்கென்று தனி டப்பாவில் கொண்டுவருவார்கள். நான் பதினோரு வருடமாக அதே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் தருவார்கள்தான். அவனிடம் போகிற வழியில் என் மேசை இருக்கிறதே என்பதற்காகத் தருவார்கள்.

என் பெயர் பெய்ரோங். தைவானின் தெற்கே ஹோபி என்ற ஊரில் திருமதி யென் நடத்தும் ஆர்க்கிட் பண்ணையின் தரவுத்தளம் என் பொறுப்பு. பூப் பண்ணைக்கு எதற்குத் தரவுத்தளம் என்று என் தங்கைகூடக் கேட்பாள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் வைத்தால் காய் பிடிக்கும். காயில் ஒரு சின்னச் சீட்டு, அதில் ஓர் எண். அந்த எண்ணுக்குத் தாய்ச் செடி எது, தகப்பன் செடி எது, அவற்றின் தாய் தகப்பன் எவை என்று ஏழெட்டுத் தலைமுறையை அட்டவணைகளாக்கி, ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தேன். அது இல்லாவிட்டால் பன்னிரண்டு கண்ணாடி வீடுகளிலும் இருப்பது வெறும் பச்சை இலை. விதைத்தது என்னவென்று பூத்துச் சொல்ல மூன்று வருடம் ஆகும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசையில் தலைவைத்துத் தூங்குவார்கள். அந்த அரைமணி நேரத்தில்தான் நான் காப்பு நகல் எடுப்பேன். ஒன்று அலுவலக அலமாரிக்கு, ஒன்று என் கைப்பையில் வீட்டுக்கு. பதினோரு வருடம் நான் மதியத்தில் கண் மூடியதில்லை.

ஷிஹெங்குக்கு முப்பத்தொரு வயது. தைபேயில் பெரிய இடத்தில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பியவன். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. சிரித்த முகம். யார் எதைக் கேட்டாலும் எழுந்துபோய்ச் செய்துகொடுப்பான். என்னிடம் கேட்டால் "எழுதி அனுப்புங்க" என்பேன்.

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் பழைய சர்வரிலிருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினான். அது பிப்ரவரி பன்னிரண்டு. இனிக் காப்பு நகலும் தானாகவே நடக்கும், தினம் மதியம் ஒரு மணிக்கு எடுத்து முடித்ததும் எல்லோருடைய கைப்பேசிக்கும் பச்சைக் குறியோடு ஒரு செய்தி வரும் என்றான். முதல் செய்தி வந்தபோது பெண்கள் கைதட்டினார்கள். நான் எடுத்த ஆயிரக்கணக்கான நகல்களில் ஒன்றுக்கும் யாரும் கைதட்டியதில்லை.

திருமதி யென் என்னைக் கூப்பிட்டு, "இனிமே அந்த வேலைய நீ பாக்க வேணாம் பெய்ரோங். மத்தியானம் கொஞ்சம் தூங்கு. கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்கு பாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வேலையை விட்டே அனுப்பியதுபோல இருந்தது.

மதியத் தூக்கம் எனக்கு வரவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மேசைக்கடியில் கைப்பேசியை வைத்து அவனுடைய பச்சைக் குறிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மார்ச் நான்காம் தேதிதான் கவனித்தேன். செய்தியில் நகலின் அளவும் வரும். அது தினமும் ஒரே அளவாக இருந்தது. மகரந்தம் வைக்கும் பருவம், பெண்கள் நாளைக்கு எழுபது எண்பது காய்களுக்குப் பதிவு போடுகிறார்கள். நகலோ துளியும் பெருகவில்லை.

அவனுடைய நகல் ஒன்றை என் கணினியில் தனித் தரவுத்தளமாகத் திறந்து, இணைத்து, கடைசிப் பதிவு எது என்று கேட்டேன். பிப்ரவரி பன்னிரண்டு என்றது. பிறகு நகல் எடுக்கும் நிரலைத் திறந்தேன். அது நான் எழுதியது. அவன் அதை எடுத்துத் தூசி தட்டி, எல்லாவற்றையும் மாற்றியிருந்தான், ஒரு வரியைத் தவிர. எந்த இயந்திரத்தோடு இணைய வேண்டும் என்று சொல்லும் வரி. அதில் இன்னும் பழைய சர்வரின் பெயர். சீட்டு அச்சடிக்கும் கருவி அதில் மாட்டியிருந்ததால் பழைய சர்வரை யாரும் அணைக்கவில்லை. தினம் ஒரு மணிக்கு நிரல் அங்கே போய், யாரும் தொடாத பழைய தரவை நகலெடுத்து, பச்சைக் குறி அனுப்பிக்கொண்டிருந்தது.

இரண்டு கை தூரத்தில் ஷிஹெங் தூங்கிக்கொண்டிருந்தான். தொட்டு எழுப்பியிருக்கலாம். நாளைக்கு அவனே பார்த்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதக் கடைசிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைத் திறந்து காட்டினால் எப்படியிருக்கும் என்றும் யோசித்தேன். பேசவேண்டிய வாக்கியங்களைக்கூடத் தயார் செய்துவைத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு நன்றாகப் பசித்தது.

மார்ச் பதினைந்தாம் தேதி பிற்பகலில் இடிமழை. மின்சாரம் போய்த் திரும்ப வந்தபோது புதிய சர்வர் எழுந்திருக்கவில்லை. உள்ளே இரண்டு வட்டுகளும் கருகிவிட்டதாகப் பழுது பார்க்க வந்தவர் சொன்னார். ஷிஹெங் பதறவில்லை. இன்று மதியம் வரைக்கும் எல்லாம் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்துவிடலாம் என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னான். என் கணினிதான் வேகமானது என்பதால் என் நாற்காலியில் உட்கார்ந்தான். பின்னால் திருமதி யென்னும் பெண்களும் நின்றார்கள்.

அன்றைய நகலைத் திறந்தான். இணைத்தான். கடைசித் தேதி பிப்ரவரி பன்னிரண்டு. இன்னொரு முறை கேட்டான். அதே தேதி. அப்போதுதான் பட்டியலில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தரவுத்தளம் இருப்பதைப் பார்த்தான். மாதமும் தேதியும் சேர்த்து 'சோதனை 0304' என்று நான்தான் பெயர் வைத்திருந்தேன், அழிக்க மறந்துவிட்டேன். அதையும் திறந்தான். அதிலும் பிப்ரவரி பன்னிரண்டு.

திரும்பி என்னைப் பார்த்தான். மற்றவர்களுக்குத் திரையில் வெறும் எண்கள்தான் தெரிந்திருக்கும். அவன் அதை மூடிவிட்டு எழுந்து நின்றான்.

"என் தப்புதான் முதலாளியம்மா. நகல் இத்தன நாளும் பழைய மெஷின்லேருந்தே போயிருக்கு. ஒரு தடவகூட நான் தெறந்து பாக்கல."

அவ்வளவுதான் சொன்னான். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு மாதத்துப் பதிவுகள், இரண்டாயிரத்துச் சொச்சம் காய்கள். செடியிலேயே தொங்குவதால் தாய் யார் என்று தெரியும். மகரந்தம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்பது தரவுத்தளத்துக்கு மட்டும்தான் தெரியும். மறுநாளிலிருந்து எல்லோரும் கண்ணாடி வீடுகளில் இறங்கினோம். மகரந்தம் வைப்பவர்களில் மூத்தவரான சியூமான் அக்கா, குளிர்பெட்டியிலிருந்து மகரந்தம் அடைத்த எந்தெந்தக் குழாய்களை எந்த நாளில் எடுத்தார் என்பதை விரல்விட்டு நினைவுபடுத்திச் சொன்னார். நானும் ஷிஹெங்கும் எழுதினோம்.

"எல்லாத்துக்கும் ஆத்தா யாருன்னு பளிச்சுனு தெரியுது. அப்பன்காரன்தான் ஊர விட்டு ஓடிட்டான்" என்றார் சியூமான். பெண்கள் சிரித்தார்கள். ஷிஹெங்கும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவன் மீது யாருக்கும் கோபமே இல்லை. பாவம், முகம் வாடிவிட்டது என்று கொய்யா டப்பா ஒன்றுக்கு இரண்டாக வந்தது.

நான்காம் நாள், ஏழாம் கண்ணாடி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சீட்டிலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டே அவன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நாலாந்தேதியே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீ ஏன் முதலாளியம்மாகிட்ட சொல்லல?"

கொஞ்ச நேரம் அடுத்த சீட்டைத் தேடினான். "தெறந்து பாக்காதது நாந்தானே. நீங்க சொல்லாட்டியும் அது என் வேலதான்" என்றான்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கெட்டிக்காரத்தனத்தில் அவன் என்னைவிட ஒரு படி மேலே இருந்தது எனக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. இப்போது இதிலும் மேலே போய்விட்டான். எனக்குள் இருந்தது வெட்கம் மட்டுமல்ல என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மதியம் எல்லோரும் தூங்கும்போது திருமதி யென்னின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நியாயத்துக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அவன் ஒருவன் மட்டும் நல்லவனாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால்தான் போனேன்.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இடிமழைக்கு முன்னால் எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். பதினோரு நாள் என்றேன்.

"எதுக்கு மறைச்ச?"

"அவனுக்குக் கைதட்டினாங்க" என்றேன்.

என்னை அனுப்பிவிடத்தான் தனக்கு ஆசை என்றும், பதினோரு வருடம் மதியத்தில் தூங்காதவளை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். பிறகு, தகப்பன் தெரியாமல் மிஞ்சும் காய்களை எறியக் கூடாது, எல்லாவற்றையும் விதைத்துப் பன்னிரண்டாம் வீட்டில் வளர்த்து, பூக்கும்போது பூவைப் பார்த்துத் தகப்பனைக் கண்டுபிடிக்க வேண்டியது என் பொறுப்பு என்றார். சர்வரும் நகல்களும் ஷிஹெங்கிடம் போயின. கடைசியில் எண்ணூற்று நாற்பது காய்கள் மிஞ்சின.

ஷிஹெங் அடுத்த வருடம், அப்பா குணமானதும், ஷின்சூ நகரத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும் முன் ஒவ்வொரு நிரலிலும் எனக்குப் புரியும்படி குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நகலை வெற்று இயந்திரத்தில் திறந்து, இணைத்து, கடைசிப் பதிவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. பார்க்கிறேன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

அவன் போனால் இந்த எரிச்சல் தணியும் என்று நினைத்திருந்தேன். நேற்றுச் சீட்டுக் கருவி நின்றுவிட்டது என்று சியூமான் அக்கா வந்தார். உடனே எழுந்துபோய்ச் சரிசெய்துகொடுத்தேன். நன்றி சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி, "ஷிஹெங் போன் பண்ணினானா? அவன் அப்பாவுக்கு எப்படி இருக்காம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை.