மூன்று ஊர், ஒரே தரை நிலையம்

"செயற்கைக்கோள்லேருந்து நம்ம செய்தி இறங்குற அந்தத் தரை நிலையம் யாருடையதுன்னு எனக்குத் தெரியணும்."

ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்காதே என்று சொல்லியிருந்தார்கள். பேராசிரியர் லாயல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டிஷ்ஷெல்லாம் சும்மா குடுத்திருக்காங்க டெஸ்ஸா. சும்மா குடுக்கிறவங்கள நோண்டாதே."

"எங்கப்பா லாரி ஓட்டுறவரு. எங்க வீட்ல அவங்களத்தான் முதல்ல நோண்டுவோம்."

எங்கள் வலையில் பல ஊர்களில் பலர் வைத்திருக்கும் கணினிகள் உண்டு; ஒரு செய்தி அவற்றில் மூன்றைத் தாண்டிப் போகும். அனுப்பியவர் யாரென்று முதல் கணினிக்கு மட்டும் தெரியும். எங்கே போகிறதென்று கடைசிக் கணினிக்கு மட்டும் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்துவிட்டால் மறைவு போயிற்று. மூன்று தாண்டலால் வரும் தாமதத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் குறைப்பதுதான் என் ஆய்வு. குறைந்தது. சந்தேகப்படும் அளவுக்கு அழகாகக் குறைந்தது.

நேற்று கனடாவின் நடுவே மனிடோபாவில் பனிப்புயல். அந்த வலையில் எங்கள் ஆய்வகம் சேர்த்த கணினிகள் இருக்கும் ரெஜைனா, மாண்ட்ரியல், ஹாலிஃபாக்ஸ் மூன்றிலும் நல்ல வெயில். ஆனாலும் மூன்றும் ஒரே நொடியில் தடுமாறின. மூன்றின் செய்தியும் மனிடோபாவில் ஒரே இடத்தில்தான் இறங்குகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவன் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

என் அக்கா கோரின் இந்த வலையில்தான் எனக்கு எழுதுகிறாள். அவள் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று தேடும் புருஷன் போலீஸ்காரன்.

"ஊர் வேற, கை ஒண்ணு. மூணையும் ஒரே குடும்பம்னு அறிவிச்சாகணும்" என்றேன். வலையைத் தன்னார்வத்தில் நடத்துகிறவர்களின் வழக்கம் அது. அறிவித்துவிட்டால் ஒரு செய்தியின் பாதையில் அவற்றில் ஒன்றுக்கு மேல் வராது.

"அறிவிச்சா பாதையில ஒண்ணுதான் செயற்கைக்கோள் வழியா போகும், வேகம் போயிடும். வேகம் போனா கட்டுரை இல்ல. கட்டுரை இல்லேன்னா உனக்குப் பட்டமும் இல்ல."

பக்கத்து மேசை விட்டோல்ட் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இவளுக்கு எல்லாத்துலயும் உளவாளி தெரியும். சமோசா விக்கிறவரையும் விட மாட்டா."

"அவரு பேரு போர்டுல எழுதியிருக்கு, விட்டோல்ட். டிஷ் குடுத்தவங்க பேரச் சொல்லு பாப்போம்."

லாயலைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கே தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. கேட்கவே இல்லை இந்த மனிதர்.

"சரி, யோசிச்சு நாளைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே" என்றார்.

"காலையிலேயே அறிவிச்சிட்டேன். கணினி மூணும் என் பேர்லதானே இருக்கு."

விட்டோல்டின் விசைப்பலகைச் சத்தம் நின்றது. கோட்டை மாட்டிக்கொண்டு, கையுறையைத் தேடாமல் வெளியே நடந்தேன்.