கடல் பக்கம்

சுனிதா அப்பாவின் விரல்களை விரித்து ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது டென்சில் அவள் தோளைத் தொட்டான்.

“அப்பா ஆதார் எங்க இருக்கு? பதினோரு மணிக்குள்ள ப்ளைட் கார்கோக்காரனுக்கு அனுப்பணும்.”

சூசைமாணிக்கம் அன்று காலை ஆறு மணிக்கு டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கையில் பிடித்தபடியே இறந்துபோயிருந்தார். எழுபத்தொரு வயது. மும்பைத் துறைமுகக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் வேலை. தாராவியில் ஒரு மாடி அறை. ஊரில் கோயிலுக்குப் பின்னால், கடற்கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வது என்று டென்சில் கோபர்கைரனேயில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தான்.

சுனிதா அண்ணனைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

“ஊருக்கு வேண்டாம்ண்ணே. இங்கயே வச்சிருவோம்.”

“எதுக்கு?”

செம்பூரில் அவளுக்கு வேலை. ட்ரோன் எடுத்த கடற்கரைப் படங்களைக் கணினியில் ஒன்றாக இணைப்பாள். பழைய சாட்டிலைட் படத்தின் மேல் வைத்து, கரை எவ்வளவு அரித்திருக்கிறது என்று கோடு போடுவாள். போன பிப்ரவரியில் அவர்களுடைய ஊரும் அவள் மேசைக்கு வந்தது. அடுத்த பத்து வருடத்தில் கடல் எதுவரை வரும் என்பதற்குச் சிவப்புக் கோடு. அது கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே போனது. மேலிருந்து எடுத்த படத்தில் சிலுவைகள் சோற்றுப் பருக்கைகள் மாதிரி கிடந்தன. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மேலதிகாரி அனந்தநாராயணன் சாரிடம் காட்டினாள். அவர் இரண்டு தடவை கணக்குப் பார்த்து, “சரியாத்தான் இருக்கு, அனுப்பிடும்மா” என்றார்.

ஆட்கள் இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் கல் கொட்டித் தடுப்பு கட்டுவார்கள். படத்தோடு போகும் பட்டியலில், குடியிருப்போர் என்ற கட்டத்தில், அந்தத் தோட்டத்துக்குப் பூஜ்யம் போட்டு அனுப்பினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னாள்.

டென்சில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான்.

“இங்க என்ன பண்ணுவான் தெரியும்லா? ரெண்டு வருஷம் கழிச்சு எலும்பத் தோண்டி எடுத்துச் செவுத்துப் பொந்துல வச்சிருவான். பொதைக்க எடம் இல்ல. அங்க பத்து வருஷமாச்சும் ஒரே எடத்துல கெடப்பாரு.”

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“யாரு எத்தன வருஷம் கெடக்கப் போறா?”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. டென்சில் “ஒண்ணுமில்லம்மா, உள்ள போங்க” என்றான். அன்னமேரி போகவில்லை. மகளைப் பார்த்தாள்.

“கடல் வருதா, ஏட்டி?”

“வருதும்மா.”

“எப்ப?”

“பத்து வருஷம்னு படத்துல வருது. முன்னப்பின்ன ஆகலாம்.”

“எனக்கு இப்ப அறுபத்தெட்டு” என்றாள் அம்மா. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். “ஊருக்கே கொண்டு போங்க. பக்கத்துல எனக்கு எடம் விடச் சொல்லு. கடல் பக்கமா விடச் சொல்லு. அவருக்குத் தண்ணின்னா பயம். முப்பது வருஷம் போர்ட்டுல இருந்தும் ஒரு நாள் கப்பல்ல ஏறுனதில்ல.”

அவள் உள்ளே போய்விட்டாள். ஜெபம் சொல்ல வந்த பெண்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

சுனிதா படிக்கட்டில் உட்கார்ந்து கல்லறைத் தோட்டத்தைக் கவனிக்கும் ஊர்க் கோயில் பிள்ளைக்குப் போன் செய்தாள். அவர் அழுதுகொண்டே, “எந்தப் பக்கம் விடணும்மா?” என்று திரும்பக் கேட்டார்.

“கிழக்கு. கடலைப் பார்த்த சுவர்ப் பக்கம். ஆறடி.” ஆபீசில் பேசுகிற குரலிலேயே சொன்னாள். பிறகு ஆதாரைத் தேடி எடுத்து, போட்டோ பிடித்து அண்ணனுக்கு அனுப்பினாள். உடலைப் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சர்டிபிகேட், போலீஸ் கடிதம், மரணச் சான்று. ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் அடுக்கிக் கோப்பில் வைத்தாள். மதியம் யாரோ சோறு வைத்தார்கள், சாப்பிட்டாள்.

நாலு மணிக்கு விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் பெட்டியை எடை மேடையில் ஏற்றினார்கள். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஊழியர் சாக்பீஸோடு குனிந்து, “சர் கிதர் ஹை?” என்று கேட்டார்.

தலை எந்தப் பக்கம் என்று டென்சிலுக்குத் தெரியவில்லை. அம்மா முன்னால் வந்து, பெட்டியின் ஒரு முனையில் உள்ளங்கையை வைத்தாள். ஊழியர் அந்தக் கைக்குக் கீழே ஓர் அம்புக்குறி போட்டார்.

பெட்டி பிளாஸ்டிக் திரைக்குள் நுழைந்து போனது. திரையின் பட்டைகள் ஒன்றோடொன்று மோதி ஆடின. அவை ஒவ்வொன்றாக ஆடி அடங்கும்வரை சுனிதா அங்கேயே நின்றாள்.