ஜெயபாண்டி கொடுக்காத ஃபைல்

நாகமலை புதுக்கோட்டையில் ஜெயபாண்டியின் டிடிபி சென்டருக்குள் நுழைந்த எந்த ஆய்வேடும் வேறு கடையில் அச்சானதில்லை. ஃபைலைக் கேட்டால், "பிரிண்டு வேணும்னா தாரேன், ஃபைல் தர்றதில்ல" என்பான். அவன் தட்டச்சு செய்த பழைய தமிழ் மென்பொருள், கம்ப்யூட்டரின் பின்புறம் பென்டிரைவ் மாதிரி சின்னதாக ஒரு பூட்டுச் சாவி செருகியிருந்தால்தான் ஓடும். வேறு கடையில் அந்த ஃபைல் திறக்காது. வந்த ஆள் கைநழுவிப் போகாமலிருக்க அவன் பிடித்துவைத்திருந்த வழி அது. அதில் அவனுக்குப் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

முனைவர் பட்ட ஆய்வேட்டை அவனிடம் தட்டச்சுக்குக் கொடுத்திருந்த தமிழ்ச்செல்வி மூன்று முறை கேட்டாள். திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, எங்கேயும் திறக்கிற யூனிகோடில் மாற்றியாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். "கடைசி நாள்ல வாம்மா, அம்புட்டையும் அடிச்சுத் தாரேன்" என்று அனுப்பிவிட்டான் பாவி.

கடைசி நாளும் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவு ரத்து. ஏழு வருட உழைப்பு மண்ணாகிவிடும்.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டான் ஜெயபாண்டி. திரை புதுமாதிரியாகப் பளபளத்தது. 'புதுப்பிக்கவா' என்று நாலு நாளாக நச்சரித்த கட்டத்தை, சனியன் ஒழியட்டும் என்று முந்தைய நாள் கடை சாத்தும்போது அமுக்கியிருந்தான். புது விண்டோஸ் அந்தச் சாவியைச் சீந்தவே இல்லை. மென்பொருள் திறக்கவில்லை. ஃபைலை வேர்டில் திறந்தால் இருநூற்றுப் பத்துப் பக்கமும் கட்டமும் கோடுமாக வந்து விழுந்தது. பழையதற்குத் திரும்பப் பார்த்தான், முடியாது என்றது. மென்பொருள் விற்ற கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள்.

பத்து மணிக்குத் தமிழ்ச்செல்வி வந்தாள். அவள் கையில் இருந்த பழைய பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் நெறியாளரின் சிவப்புத் திருத்தங்கள். அதை அப்படியே கொடுத்தால் வாங்க மாட்டார்கள். திருத்தி முடித்தது அந்த ஃபைலுக்குள் கிடந்தது.

மானத்தை விட்டு, எதிரே டிடிபி கடை போட்டிருந்த தவ்பீக்கிடம் ஓடினான் ஜெயபாண்டி. தவ்பீக் ஒரு மணி நேரம் முட்டிப் பார்த்தான்.

"அண்ணே, வேற எவனும் தொறக்கக் கூடாதுன்னுதான இம்புட்டு நாளா வச்சிருந்தீங்க? எனக்கு எப்படித் தொறக்கும்?"

கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் ஜெயபாண்டிக்கு இன்னும் சுட்டது.

பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் மறுபடி அடித்தார்கள். ஐந்து மணிக்கு எழுபத்திரண்டு பக்கம் ஆகியிருந்தது. தமிழ்ச்செல்வி எழுந்தாள், பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் பஸ் ஏறினாள். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான்.

நான்காம் நாள் மதுரையில் அலைந்து பழைய விண்டோஸ் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்து வந்து, மென்பொருளை ஏற்றிச் சாவியைச் செருகினான். ஃபைல் ஓர் எழுத்துப் பிசகாமல் திறந்தது. உடனே அவளுக்குப் போன் போட்டான்.

"தொறந்திருச்சும்மா! பிரிண்டும் தாரேன், ஃபைலும் தாரேன். இப்பவே வாம்மா."



"பதிவ நேத்தே ரத்து பண்ணிட்டாங்கண்ணே," என்றாள். "நீங்களே வச்சுக்கங்க."