அடுத்து வருவது

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'மேப் அக்கா'. பேச்சை இழந்தவர்கள் கண்ணசைவால் எழுத, கணினி அதை உரக்கச் சொல்லும் செயலி ஒன்றை அந்தச் சிறு நிறுவனம் செய்துவந்தது. எந்த வசதி எப்போது வரும் என்று ரோட்மேப் போடுவது அவள் வேலை. ஒரு பிரதி அலுவலகச் சுவரில். இன்னொன்று வாடிக்கையாளர்கள் பார்க்கும் இணையப் பக்கத்தில்.

'சொந்தக் குரல்' என்ற வசதி இரண்டிலும் 'அடுத்து வருவது' கட்டத்தில் இருந்தது. பேச்சைப் பறிக்கும் நோய் முற்றுமுன் குரலைப் பதிந்துவைத்தால், பிறகு கணினி அந்தக் குரலிலேயே பேசும். அதைச் செய்யவிருந்த பொறியாளர்கள் வேலையை விட்டுப் போனதும், சுவரிலிருந்த சீட்டை 'பிறகு' கட்டத்துக்கு மாற்றி ஒட்டினாள். இணையப் பக்கத்தில் கைவைக்கப் போனபோது விற்பனை மேலாளர் தடுத்தார்.

"கண்காட்சி வருதும்மா. இப்பப் போய் மாத்தினா வர்றவனும் ஓடிடுவான். அப்புறம் பாத்துக்கலாம்."

கண்காட்சி முடிந்தது. வேறு வேலைகள் வந்து விழுந்தன. பக்கம் அப்படியே கிடந்தது.

ஒரு பிற்பகல் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், அந்த நோயில் விழுந்தவர்.

"அந்தச் சொந்தக் குரல் வந்துடுச்சாங்க?"

"இல்லீங்க. அது... இப்போதைக்கு வராது."

"அடுத்து வருதுன்னு போட்டிருக்கீங்களே? காலையில எந்திரிச்சதும் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பாரு. வேற கம்பெனிக்காரங்க பதிஞ்சு தர்றோம்னு சொன்னாங்க. இவருதான், 'நமக்குப் பழகின ஆளுங்க, பொறுப்போம்'னுட்டாரு. போன மாசம் பேச்சு சுத்தமா நின்னுபோச்சு."

மேப் அக்கா கேட்டாள்: "அவர் பேசின பழைய வீடியோ ஏதாவது..."

"எடுக்கிறதே அவருதானே. 'கிட்ட நில்லுங்க, சிரிங்க'ன்னு மட்டும் கேக்குது." பிறகு அவளே சொன்னாள்: "முடியாதுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தீங்கன்னா வேற வழி பாத்திருப்போம்மா."

மேப் அக்கா கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு யாரையும் கேட்காமல் அந்தப் பக்கத்தை மூன்று கட்டங்களாகத் திருத்தி எழுதினாள்: இப்போது செய்கிறோம், உறுதியில்லை, செய்யப்போவதில்லை. சொந்தக் குரல் கடைசியில். 'இதற்காகக் காத்திருக்க வேண்டாம்' என்று எழுதி, அதைச் செய்து தரும் மற்ற நிறுவனங்களின் முகவரிகளையும் சேர்த்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பினாள்.

"நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம்!" என்று கத்தினார் மேலாளர்.

"இந்தத் தடவை நம்ம தலைதானே சார்."

சிலர் விலகினார்கள். 'அப்பாவை நாளைக்கே பதிவுக்குக் கூட்டிப்போகிறோம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை வாசித்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

செயலியில் ஏற்கெனவே இருக்கும் குரல்களில் ஒன்றைப் பொருத்தித் தர, தொலைபேசியில் அழைத்த பெண்ணின் வீட்டுக்குப் போனாள். ஓட்டுநர் ஆசிரியர் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒவ்வொரு குரலாகக் கேட்டு, கண்ணாலேயே ஒன்றைக் காட்டினார். மெல்ல எழுதினார். அந்தப் புதுக் குரலில் கணினி சொன்னது: "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

சமையலறையிலிருந்து மனைவி ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"யாரு வந்திருக்கா?" என்று வாசலைப் பார்த்தாள்.

வாசலில் யாருமில்லை.