வாசலில் ஓர் ஏசர்

லண்டன் ஹரோவில் தமிழர்கள் வாங்கிய வீடுகளின் முன்தோட்டங்கள் பெரும்பாலும் சிவானந்தனின் கையால்தான் செத்தன. அதுதான் அவருடைய தொழில். புல்லைக் கிண்டி எடுத்து, மணலும் சீமெந்தும் கொட்டி, அதன்மேல் சாம்பல் நிறக் கற்களைப் பதித்து, இரண்டு கார்கள் நிற்க இடம் செய்து கொடுப்பார். ரோஜா நின்ற இடத்தில் பி.எம்.டபிள்யூ நிற்கும். வீட்டுக்காரர் கண் கலங்கி நன்றி சொல்வார்.

ஜேர்மனியில் டோர்ட்முண்டில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் இங்கிலிஷ் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர் அவர். பிள்ளைகள் இருவரும் நன்றாகவே படித்தார்கள். எதைக் கேட்டாலும் இங்கிலிஷிலேயே பதில் சொல்லப் பழகியதும், வேறு ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் மனைவி தவநாயகியும், வாசலில் அவரே பதித்த கற்களும்தான் மிச்சம்.

இப்படிப்பட்டவருக்கு மரம் வளர்க்கும் ஆசை தானாக வராது. அதை மூட்டிவிட்டவர் தவநாயகியின் அண்ணன் வாசுதேவன். வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் பெரிய வேலை, நோர்த்வுட்டில் தனி வீடு. ஹரோவிலிருந்து மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் கொஞ்ச நேரம்தான். ஆனால் வாசுதேவன் பேசுவதைக் கேட்டால் அங்கே போக விசா வேண்டும் என்று தோன்றும்.

2008 ஒக்டோபரில் ஒருநாள் வாசுதேவன் சிவானந்தனுக்குப் போன் எடுத்தார்.

"மச்சான், நான் ஒரு ஏசர் வாங்கினனான்."

"நல்லது. எத்தினை ஜிபி?" என்று கேட்டார் சிவானந்தன்.

அந்தக் கேள்வியை வாசுதேவன் அடுத்து வந்த எல்லாப் பிறந்தநாள் விழாக்களிலும் சொல்லிச் சிரித்தார். இந்த ஏசர் கம்ப்யூட்டர் இல்லை, மேப்பிள் மரமாம். அதிலும் அவர் வாங்கியது ஜப்பான் வகை. கிளைகள் மேலே போகாமல், குடை விரித்தது போல வளைந்து தரையைப் பார்த்துத் தொங்கும். இலைகள் நுணுக்கமாகக் கத்தரித்த பட்டுநூல் போல இருக்கும். இலையுதிர்காலத்தில் சிவந்து எரியும். "வெள்ளைக்காரனே வந்து நிண்டு பாக்கிறான்" என்றார் வாசுதேவன். அவருக்கு அதற்கு மேல் ஒரு சான்றிதழ் தேவைப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமையே சிவானந்தன் கார்டன் சென்டருக்குப் போய், வாசுதேவனின் மரத்தைவிட ஒரு சாண் உயரமான ஏசர் ஒன்றை வாங்கினார். அவருடைய வேலை வான் வண்டியின் பின்பக்கத்தில், சீமெந்துப் பைகளுக்கு நடுவே, அது ராணி மாதிரி வந்திறங்கியது. விற்ற பெண், அரை நிழலில் வைக்கச் சொன்னாள், காற்றுப் படாமல் பார்க்கச் சொன்னாள், வேரில் தண்ணீர் தேங்க விடவேண்டாம் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் சொன்னபடியான இடம் வீட்டுக்குப் பின்னால், வேலியோரம் இருந்தது. ஆனால் பின்னால் வைத்தால் யார் பார்ப்பது?

ஆகவே வாசலின் நட்டநடுவில், நாள் முழுதும் வெயில் விழுந்து, றோட்டுக் காற்று நேராக வந்து அறையும் இடத்தில் குழி வெட்டினார். தான் பதித்த கல்லைத் தானே உடைப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. எவ்வளவு நேர்மையாகச் சீமெந்து போட்டிருக்கிறார் என்பது அன்று அவருடைய இடுப்புக்குத் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, இனிக் காரை எங்க விடப் போறியள்?" என்று கேட்டாள் தவநாயகி.

"றோட்டில."

ஊரெல்லாம் காருக்காகத் தோட்டத்தை அழித்தவர், ஒரு மரத்துக்காகக் காரை றோட்டில் விட்டார்.

இரண்டு வாரம் மரம் தகதகவென்று நின்றது. மூன்றாம் வாரம் மொட்டையாக நின்றது. சிவானந்தன் உதிர்ந்த இலைகளை ஒரு கறுப்புப் பையில் அள்ளிக்கொண்டு கார்டன் சென்டருக்குப் போனார். "செத்த மரத்தை எனக்கு விற்றுவிட்டீர்கள்" என்று தன் இங்கிலிஷில் சொன்னார்.

அந்தப் பெண் பைக்குள் எட்டிப் பார்த்தாள். "சேர், இது நவம்பர்" என்றாள்.

ஐரோப்பாவில் இருபதுக்கு மேற்பட்ட இலையுதிர்காலங்களைக் கண்டவர் அவர். மரங்கள் இலை கொட்டும் என்று தெரியாதவரல்ல. ஆனால் அவை றோட்டோரத்துக் கவுன்சில் மரங்கள். காசு கொடுத்து வாங்கிய மரமும் அதே வேலையைச் செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை லண்டனில் பனி கொட்டியது. பஸ்கள் ஓடவில்லை, பள்ளிக்கூடங்கள் இல்லை, நகரம் முழுவதும் மகிழ்ச்சியாக வேலைக்குப் போகாமல் நின்றது. சிவானந்தன் யன்னலால் பார்த்தார். தொங்கிய கிளைகளின் மேல் பனி ஏறி, மரம் வெள்ளைப் போர்வை போர்த்திக் குந்தியிருக்கும் ஆளைப் போல இருந்தது. மரத்துக்குக் குளிரும் என்று பட்டது. வாசல் கூட்டும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் நாலு தட்டுத் தட்டினார். பனி விழுந்தது. கூடவே ஒரு பெரிய கிளையும் விழுந்தது. பாதி முறிந்த இன்னொன்றுக்கு, தவநாயகி முழங்காலுக்குக் கட்டும் பான்டேஜைச் சுற்றிவிட்டார்.

மார்ச்சில் வைத்தியம் தொடங்கியது. போத்தலில் ஒரு மூடி உரம் என்று எழுதியிருந்தது. பலவீனமான மரம் என்பதால் சிவானந்தன் ஐந்து மூடி விட்டார். தவநாயகி தன் பங்குக்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். பிறகு அருள்மலர் வந்தார்.

அருள்மலர் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆசிரியை. தவநாயகியின் சிநேகிதி. எதைக் கண்டாலும் அதற்குத் தமிழ் என்ன என்று கேட்கும் வியாதி அவருக்கு உண்டு. மரத்தில் தொங்கிய அட்டையைக் கண்ணாடி போட்டு வாசித்தார். "வீப்பிங் மேப்பிள். அப்ப இது அழுகிற மரமெல்லோ!" என்றார்.

"இல்லை ரீச்சர், தொங்கிற மரம்" என்றார் சிவானந்தன்.

"வீப்பிங் எண்டால் அழுகிறதுதான். அழுகிற மரத்தைக் கொண்டந்து வாசல்ல ஆரும் வைப்பினமோ? தவம், நீயும் பாத்துக்கொண்டிருந்தனியோ?"

அவர் போன பிறகு தவநாயகி வாசல் பக்க யன்னலின் திரையை இழுத்து மூடிவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று சிவானந்தனுக்குத் தெரியும். அடுத்த நாள், கல் பதிக்கும்போது மட்டம் பிடிக்கும் பச்சை நைலான் கயிற்றையும் ஆறு இரும்புக் கம்பிகளையும் எடுத்து வந்தார். தொங்கிய கிளை ஒவ்வொன்றையும் மேலே தூக்கிக் கம்பியோடு இழுத்துக் கட்டினார். மூன்று மணி நேர வேலை. இப்போது மரம் அழவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்கு முன்னால் நின்றது.

வாசுதேவன் வந்து பார்த்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "கால் முறிஞ்ச ஆளை ஆஸ்பத்திரியில கட்டிப் போட்ட மாதிரிக் கிடக்கு மச்சான்" என்றார். பிறகு தன் வீட்டு ஏசருக்குத் தானாகவே தண்ணீர் பாயும் குழாயும், அதைத் திறந்து மூட டைமரும் பூட்டியிருப்பதாகச் சொன்னார். "நான் மரத்தைத் தொடுறதே இல்லை. எல்லாம் சிஸ்டம் பாக்கும்."

ஏப்ரலில் தளிர் வந்தது. கயிற்றில் தொங்கிய கிளைகளிலும் வந்தது, மரத்துக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூடத்தான். வந்த வேகத்திலேயே காற்றும் வெயிலும் உரமும் சேர்ந்து தளிர்களைச் சுட்டன. நெருப்பில் வாட்டிய அப்பளம் போல ஓரங்கள் கருகின.

ஆனால் சிவானந்தன் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஏப்ரலில் யாருமே தங்கள் வாசலைக் கவனிக்கவில்லை.

தவநாயகிக்கும் வாசுதேவனுக்கும் ஒரு தங்கை. பெயர் சுசிலா. கணவன், இரண்டு பெண் பிள்ளைகளோடு, போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தாள். ஜனவரியில் ஒருமுறை பேசினாள். அதன் பிறகு சத்தமில்லை. எந்தத் தொலைபேசி எண்ணை அழுத்தினாலும் ஒரே பெண் குரல் வந்து சிங்களத்தில் ஏதோ மரியாதையாகச் சொன்னது.

சிவானந்தன் எடுத்த வேலைகளைப் பாதியில் விட்டார். ஹரோவில் மூன்று வீட்டுக்காரர்கள் வாசலில் மணல் குவியலோடு காத்திருந்தார்கள். ஒருவரும் கோபிக்கவில்லை, அவர்களும் வெஸ்ட்மின்ஸ்டரில்தான் நின்றார்கள். வாசுதேவன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொல்லி லீவு எடுத்தார். காலையில் மூவரும் ஒரே ரயிலில் போனார்கள். பாராளுமன்றத்துக்கு முன்னால் புல்தரையில் நின்று, போரை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். வாசுதேவனுக்குக் கத்த வராது, அலுவலகக் கொன்பரன்ஸ் கோலில் பேசுகிற குரல்தான். அந்தக் குரலிலேயே கத்தினார். உள்ளே இருந்த எம்.பி.க்கள் யன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். அரசாங்கக் காசில் தாங்கள் எழுதிய சொந்தச் செலவுக் கணக்குகள் பேப்பரில் வந்து, அவர்களுக்கு அந்த நாட்களில் பெரிய தலையிடியாக இருந்தது. ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியை மூவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ஏசரைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

ஒரு பின்னேரம் அங்கிருந்து திரும்பி வந்த தவநாயகி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. குசினிக்குள் போய் மீன் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்து, வாசலில் குனிந்து, பச்சைக் கயிறுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

"என்னப்பா செய்யிறீர்?"

"பாக்க ஏலாமல் கிடக்கு."

கிளைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து தொங்கின. சிவானந்தன் கம்பிகளைப் பிடுங்கி வான் வண்டிக்குள் போட்டார்.

மே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று டிவி சொன்னது. சுசிலாவைப் பற்றி டிவி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஜூன் வந்தது, ஜூலை வந்தது. சிவானந்தன் வேலைக்குப் போனார், வந்தார். உரமில்லை, அரிசித் தண்ணீர் இல்லை, தும்புத்தடி இல்லை. மழை பெய்தபோது பெய்தது. ஒருநாள் தபால்காரர், "உங்கள் மரம் அழகாக இருக்கிறது" என்றார். "எந்த மரம்?" என்று கேட்டுவிட்டுச் சிவானந்தன் கதவைச் சாத்தினார்.

ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசுதேவனும் வந்திருந்த நேரத்தில் போன் அடித்தது. தவநாயகி எடுத்தாள். "அக்கா" என்றது மறுமுனை. தவநாயகி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சுசிலா வவுனியா முகாமில் இருந்தாள். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில். கணவனுக்குக் காலில் காயம், ஆறிக்கொண்டு வருகிறதாம். யாரோ ஒருவருடைய போனில் பேசுகிறாள், பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். தவநாயகியால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. போனை அண்ணனிடம் கொடுத்தாள். உலகத்தின் நாலு கண்டங்களோடு ஒரே நேரத்தில் பேசக்கூடிய வாசுதேவன், "சுசி" என்று சொல்லிவிட்டுப் போனைச் சிவானந்தனிடம் நீட்டினார்.

சிவானந்தனுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. நடந்ததைக் கேட்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. யன்னலால் வெளியே பார்த்தார். கண்ணில் பட்டது அதுதான்.

"சுசிலா, நான் இஞ்ச ஒரு மரம் வைச்சிருக்கிறன்."

"என்ன மரம் அத்தான்?"

"ஜப்பான் மரம். மேப்பிள். உன்ரை அண்ணனும் ஒண்டு வைச்சிருக்கிறார்."

"காய்க்குமோ?"

"இல்லை."

"பூவாவது பூக்குமோ?"

"பூக்குமாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாதாம்."

"நிழலோ?"

"என்ரை இடுப்பளவுதான் நிக்குது."

"அப்ப என்ன கோதாரிக்கு அத்தான் அதை வைச்சிருக்கிறியள்?"

அவர் யோசித்தார். மச்சானைவிட ஒரு சாண் உயரமாக இருக்கட்டும் என்பதற்காக என்று அந்த முகாமுக்குச் சொல்ல வாய் வரவில்லை. "பாக்கிறதுக்கு" என்றார்.

மறுமுனையில் சுசிலா சிரித்தாள். இருமலோடு கலந்த சிரிப்பு. பக்கத்தில் யாரிடமோ, "லண்டனில சும்மா பாக்கிறதுக்கு மரம் வைக்கினமாம்" என்று சொன்னாள். அங்கேயும் யாரோ சிரித்தார்கள். பிறகு காசு முடிந்து லைன் அறுந்தது.

அடுத்த ஞாயிறு வாசுதேவன் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். "மச்சான், உம்மடை ஏசர் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. இலையும் நிறம் காணாது."

நாலு மாதமாக வாசுதேவன் அவரிடம் ஒரு குறையும் பிடிக்கவில்லை. அது சிவானந்தனின் உடம்புக்கு ஒத்துவராமலே இருந்தது. இப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. அவரும் மரத்தைப் பார்த்தார். பான்டேஜ் உக்கி விழுந்திருந்தது. கருகிய இலைகள் போய் இரண்டாம் தளிர் வந்து, கிளைகள் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தன. முறிந்த பக்கம் மட்டும் ஓட்டை விழுந்த குடை மாதிரி இருந்தது.

"உம்மடை எப்பிடி?" என்று கேட்டார்.

வாசுதேவன் றோட்டைப் பார்த்தார். "செத்துப் போச்சு."

"எப்பிடி? சிஸ்டம் பாக்கேல்லையோ?"

"சிஸ்டம் பாத்ததுதான் பிரச்சினை. நாங்கள் வெஸ்ட்மின்ஸ்டரில நிண்ட நேரமெல்லாம் தண்ணி ஓடியிருக்கு. மழை நாளிலயும் ஓடியிருக்கு. வேர் அழுகிப் போச்சு."

துக்கம் விசாரிக்கும் முகத்தைச் சிவானந்தன் மிகவும் கஷ்டப்பட்டுச் செய்தார். "ஏசருக்கு ஒண்டும் செய்யக் கூடாது மச்சான்" என்றார். "நான் வேணுமெண்டுதான் அதை அப்பிடியே விட்டனான்."

கதவடியில் நின்ற தவநாயகி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒக்டோபரில் வாசுதேவன் புது மரம் வாங்கினார். குழி வெட்டச் சிவானந்தன் தவநாயகியோடு நோர்த்வுட்டுக்குப் போனார். போனவர் மண்வெட்டியை மச்சானின் கையில் கொடுத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்று உத்தரவு போட்டார். குழி ஆழம் கூடிப்போச்சு என்றார், பிறகு ஆழம் காணாது என்றார். மரத்தின் முகம் எந்தப் பக்கம் என்று வாக்குவாதம் வந்தது. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார் சிவானந்தன். வேலியைப் பார்க்க வேண்டும் என்றார் வாசுதேவன், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால்தான் பார்ப்பாராம். தவநாயகி குசினியிலிருந்து தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். மழை தூறத் தொடங்கியது. அவள் இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள். இருவரும் மரத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.