பங்களாதேஷுக்கு அடுத்து

"தொடாதே, தொடாதே!" என்று சித்தப்பா மணிலால் பதறினார். காரின் கதவைத் திறந்துவிடப் போன தங்கை பிம்லா கையை இழுத்துக்கொண்டாள். ஹோம்நாத் தானே திறந்து, தைக்காத வெள்ளைத் துணியைச் சுருட்டிப் பிடித்தபடி பின்னிருக்கையில் தனியாக ஏறினான். மொட்டைத் தலை குளிரில் விறைத்தது. அப்பா போய் நான்காம் நாள்.

"கொள்ளி வச்சவனைப் பதிமூணு நாள் யாரும் தொடக் கூடாது. அது முடியாம வாசப்படி தாண்டலாமா? வேற தேதி கேட்டா குடுக்க மாட்டானா?"

"எனக்குக் குடுப்பான் சித்தப்பா. அப்பாவுக்குக் குடுப்பானா?"

சித்தப்பா கார் ஜன்னலில் குனிந்தார். பிறகு, "தோல் செருப்பு போட்டுடாத. ரப்பர் போடு" என்றார்.

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழிக்கு அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நாள் கிடைத்திருந்தது. ஆற்றோரத்துப் பழைய கோட்டையில் விழா. நாடுகளின் பெயரை ஆங்கில அகரவரிசையில் வாசிப்பார்கள்; அந்தந்த நாட்டில் பிறந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை. பூட்டானில் பிறந்தவரை, நேபாளி பேசுகிற நீ எங்கள் ஆளே இல்லை என்று துப்பாக்கியைக் காட்டித் துரத்தியிருந்தார்கள். அப்புறம் நேபாளத்து முகாமில் மூங்கில் குடிசை. ஹோம்நாத் பிறந்தது அங்கேதான்; அவன் கணக்கில் நேபாளம்.

"பூட்டான்னு ஒருத்தன் மைக்குல கூப்பிடணும். நான் எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நிக்கணும். அது போதும்டா எனக்கு."

முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. அதனால் சாயங்காலம் தோறும் சமையலறை நாற்காலியில் ஒத்திகை நடக்கும். பிம்லா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "அர்ஜென்டினா! பங்களாதேஷ்!" அப்பா மேசையைப் பிடித்துப் பாதி எழுந்துவிடுவார்.

"உக்காருங்கப்பா. அவசரக்குடுக்கை! உங்க முறை அடுத்ததுதான்."

கோட்டையில் மழை பிடித்துக்கொண்டது. பீரங்கிகளுக்கு நடுவே பந்தல் போட்டு, நாற்காலிக்கு ஒரு சின்னக் கொடி வைத்திருந்தார்கள். வரவேற்க நின்ற நீலத் தொப்பிக்காரப் பெண்மணி எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். அவனிடமும் கையை விரித்தாள். பிம்லா குறுக்கே வந்தாள்.

"தொடக் கூடாதுங்க. எங்கப்பா செத்துட்டாரு, அவருக்கும் இன்னிக்குத்தான் நாள். இவர் காரியத்துல இருக்காரு."

அந்தப் பெண்மணி திகைத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அப்பாவும் இன்னிக்கு வர வேண்டியவரா?"

"ஆமா."

யாரும் உரசாதபடி ஓரத்து இருக்கையைக் காட்டி, பக்கத்து நாற்காலியைக் காலியாகவே விடச் சொன்னாள். அதன் கொடியையும் எடுக்கவில்லை.

அதிகாரி வாசிக்கத் தொடங்கினார். பிம்லா பின்னால் விருந்தினர் வரிசையில் இருந்தாள். அப்பாவுக்காகத் தான் நின்றுவிடுவது என்றுதான் ஹோம்நாத் வந்திருந்தான். "பங்களாதேஷ்." நாலு பேர் எழுந்தார்கள். அவன் பாதங்களை ஊன்றிக்கொண்டான்.

"பொலிவியா."

ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அப்பா இறந்த தகவலை அலுவலகத்துக்கு போன் செய்து சொன்னதே அவனும் பிம்லாவும்தான். பட்டியலில் அவர் பெயரை எடுத்த அலுவலகத்தார் நாட்டையும் எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த ஒரே பூட்டான்காரர் அவர். அங்கே துரத்தினார்கள், இங்கே, கேட்காமலே, நாமே அழித்துக் கொடுத்துவிட்டோம்.

"பூட்டான்!"

சமையலறையில் கத்தும் அதே குரல், உடைந்து வந்தது. பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிம்லா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹோம்நாத் எழுந்தான். அதிகாரி அவனுடைய மொட்டையையும் வெள்ளைத் துணியையும் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு மைக்கில், "பிரேசில்" என்றார்.

அவன் உட்காரவில்லை. நேபாளம் வந்தபோது ஆறு பேர் எழுந்தார்கள். அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.

பந்தல் ஒழுகிப் பக்கத்து நாற்காலியில் தண்ணீர் தேங்கியிருந்தது. வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். அதற்கு முன், வெள்ளைத் துணியின் நுனியால் ஹோம்நாத் அந்த நாற்காலியைத் துடைத்தான்.