ஒரு பிடி வெள்ளை ரோமம்

அடக்க வேலை பார்க்கும் பேட்டர்சன் சவப்பெட்டியை மூட மூடியைத் தூக்கிவிட்டார். "கொஞ்சம் இருங்க" என்று ரோனா கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு பிடி வெள்ளை ரோமத்தை எடுத்தாள்.

மேய்ப்பன் செத்தால் கையில் ஆட்டு ரோமம் வைத்துத்தான் அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏன் சர்ச்சுக்கு வரவில்லை என்று மேலே கேட்டால், ஆட்டோடு இருந்தேன் என்று காட்ட வேண்டாமா?

"எந்த ஆட்டுதுடி அது?" அம்மா எஃபி நாற்காலியை விட்டு எழவில்லை.

"அப்பா கேட்ட ஆட்டுதுதான்."

"அந்த ஆராய்ச்சிக்கூடத்து ஆடா? கர்த்தர் படைக்காததைக் கையில குடுத்தா அனுப்பச் சொல்றே?"

எடின்பரோவுக்கு வெளியே அந்தக் கூடத்து ஆட்டுப் பட்டியில்தான் அப்பா டூகலின் கடைசி வருஷங்கள் கழிந்தன. வளர்ந்த வெள்ளைமுக ஆடொன்றின் மடியிலிருந்து ஒரு செல்லை எடுத்து, உட்கரு நீக்கிய கருமுட்டைக்குள் சேர்த்து, கருமுக ஆட்டின் வயிற்றில் வளர்த்தார்கள். எத்தனையோ குட்டிகள் மூச்சு விடாமலே போயின. அவற்றை வைக்கோலிலிருந்து அள்ளியெடுத்தவர் டூகல்தான். கடைசியில் ஒன்று பிழைத்தது. கறுத்த முகத்துத் தாய்க்கு வெள்ளை முகக் குட்டி. அன்று வீட்டு வாசலில் நின்று மனுஷர் விம்மி விம்மி அழுதார். எஃபி ஏனென்றுகூடக் கேட்கவில்லை. அந்த வாரம்தான் போதகர் பிரசங்கத்தில் அந்த வேலையை வெளுத்து வாங்கியிருந்தார். அவள் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்து அத்தனையையும் கேட்டிருந்தாள்.

"பக்கத்துப் பண்ணையில ஆடே இல்லியா?"

"அம்மா, சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல." படுக்கையில் விழுந்த அப்பாவை மாதக்கணக்கில் தூக்கிக் கிடத்திய தோள்கள் ரோனாவுக்கு இற்றுப்போயிருந்தன. அப்பா, அம்மா இருவர் மேலும் கோபமாக வந்தது. "நீயே வை. இல்ல, அடுப்புல போடு."

ரோமத்தை அம்மா மடியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். பேட்டர்சன் மூடியைச் சுவரில் சாய்த்தார்.

எஃபி அதை அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம்தான் எழுந்தாள். இரண்டடி வைத்தவள் நின்றாள். விரல்களில் எண்ணெய்ப் பிசுக்கு. மூக்கருகே கொண்டுபோனாள்.

"அதே நாத்தம்டி" என்றாள். "கோட்டை வெளியிலயே கழட்டுய்யான்னு காலமெல்லாம் கத்தினேனே, அதே நாத்தம்."

அடுப்பை விட்டுத் திரும்பிப் பெட்டியருகே போனாள்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் என் புருஷனைப் புடிச்சு வச்சுக்கிட்டது இதுதானே? இதுவே போய் பதில் சொல்லட்டும்."

டூகலின் விரல்கள் மடங்க மறுத்தன. உள்ளங்கைக்கு அடியில் ரோமத்தைச் செருகி, கையை மேலே சரியாக வைத்தாள். "ம், மூடுங்க" என்றாள்.

வெளியே ஊசிக்காற்று. சர்ச் வரை எஃபி ஒரு கைக்குத்தான் கையுறை போட்டிருந்தாள். மற்ற கையை மூக்கருகே வைத்தபடியே வந்தாள்.